வீட்டுக்கு ஒரு டூல் பாக்ஸ்: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது?

சமையலறைக் குழாய் பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான் ஒழுக ஆரம்பிக்கும். கட்டில் ஸ்க்ரூ கழன்று ஆடும், கதவுக் கீல் கிறீச்சிடும், பைக் செயின் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட்டால் வேலை பத்து நிமிஷம்தான், ஆனால் வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம். அதனால்தான் வேலைக்காக வெளியூர் போய் வீடு எடுத்துத் தங்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் 'நமக்குன்னு ஒரு டூல் பாக்ஸ் வேணும்' என்று தோன்றுகிறது.

ஆன்லைனில் தேடினால் இரண்டு விஷயங்கள் கண்ணைப் பறிக்கும். ஒன்று, நூறு பீஸுக்கு மேல் இருக்கும் 'ஆல் இன் ஒன்' செட். இன்னொன்று, அமெரிக்க வீடியோக்களில் கராஜ் சுவரை ஒட்டி நிற்கும் சிவப்பு நிற டிராயர் அலமாரி. பெங்களூரிலோ புனேவிலோ இரண்டு பெட்ரூம் பிளாட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டுமே பொதுவாக ஒத்துவராது. செட்டில் பாதிக்கு மேல் நமக்குத் தேவைப்படாத துண்டுகள். அலமாரியை வைக்கவோ பலருக்கும் இடமே இல்லை.

குறைந்த செலவில் உருப்படியான டூல் பாக்ஸ் வேண்டுமென்றால் வாங்கும் வரிசைதான் முக்கியம். முதலில் வேலை, அப்புறம் கருவி, அதற்கப்புறம் இடம், எல்லாம் முடிந்த பிறகு பெட்டி. நம்மில் பலர் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

பெரிய செட் ஏன் வேண்டாம்?

'பீஸ்' கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரில் மாட்டும் குட்டி பிட் ஒவ்வொன்றும் ஒரு பீஸ். ஒவ்வொரு சாக்கெட்டும், சில செட்டுகளில் ஆணி, கொக்கி, பிளாஸ்டிக் பிளக் கூட ஒரு பீஸ். எண்ணிக்கை ஏறினாலும், நாம் தினமும் கையில் எடுக்கும் நாலைந்து கருவிகளின் தரம்தான் மலிவு செட்டில் அடிபடும்.

தரமில்லாத ஸ்க்ரூ டிரைவரின் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய முனை ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். தலை போன ஸ்க்ரூவை வெளியே எடுக்க மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்கும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பெரிய செலவில் முடிவது இப்படித்தான். தொளதொளவென்று உட்காரும் ஸ்பேனரும் அப்படியே. நட்டின் மூலைகளை உருட்டிவிடும், சறுக்கினால் விரல் முட்டியையும் பதம் பார்க்கும்.

அதனால் உதிரியாக வாங்குங்கள். இந்தியாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்களும் ராஜஸ்தானின் நாகோரும் கைக்கருவி உற்பத்திக்குப் பேர் போனவை. கைக்கருவிகளுக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் ஒன்று ஜலந்தரில் இயங்குகிறது. மெக்கானிக்குகள் கையில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் தபாரியா கருவிகள் மகாராஷ்டிராவின் நாசிக்கில் தயாராகின்றன. இந்த மாதிரி உள்நாட்டுத் தயாரிப்புகள் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

முதல் பட்டியலில் என்னென்ன?

போன மூன்று மாதத்தில் வீட்டில் எதெது ரிப்பேர் ஆனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான பிளாட்டுகளில் அது குழாய், ஸ்க்ரூ, கதவு, பிளக், பர்னிச்சர் என்ற ஐந்துக்குள் அடங்கிவிடும். இவற்றுக்கு வேண்டியவை இவ்வளவுதான்:

ஸ்க்ரூ டிரைவர்: ஸ்டார் முனையில் இரண்டு, தட்டை முனையில் இரண்டு. ஸ்டாரில் 'பிஎச்2' என்ற அளவுதான் வீட்டில் அதிகம் பயன்படும். சுவிட்ச் போர்டு, சின்னச் சாதனங்களுக்கு 'பிஎச்1'.

கட்டிங் பிளேயர்: 8 அங்குலம். பிடிக்க, முறுக்க, கம்பி வெட்ட என மூன்று வேலைக்கும் ஒன்றே போதும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்: 10 அங்குலம். நம்ம ஊர்க் கடைகளில் ஸ்க்ரூ ஸ்பேனர் என்று கேட்டாலும் தருவார்கள். வீட்டுக் குழாய் இணைப்புகள் பெரும்பாலும் அரை அங்குல அளவு. அவற்றின் நட்டைப் பிடிக்க 6 அங்குல ஸ்பேனரின் வாய் பத்தாது. பளபள குழாயில் கீறல் விழாமல் இருக்க வாய்க்குள் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அலன் கீ செட்: 1.5 முதல் 10 மி.மீ வரை. ஆன்லைனில் வாங்கும் கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் இதில்தான் ஓடுகின்றன.

கொண்டி வைத்த சுத்தியல், 5 மீட்டர் டேப், கட்டர் கத்தி, ஹேக்சா பிரேம் ஒன்று.

கூடவே டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், ஒரு சின்ன பாட்டில் மெஷின் ஆயில், ஒரு டார்ச்.

ஓரளவு நல்ல உள்நாட்டு பிராண்டில் இதை எல்லாம் சேர்த்து வாங்க சுமார் 2,000 முதல் 3,000 ரூபாய் ஆகலாம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். இந்தப் பட்டியலில் இருப்பதை வைத்துக்கொண்டு வீட்டின் சின்ன ரிப்பேர்களில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம்.

பைக், கார் இருந்தால்?

பைக் வேலைக்கு ஸ்பேனர் அளவு தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஊர் பைக், ஸ்கூட்டர்களில் 8, 10, 12, 14, 17 மி.மீ அளவுகள்தான் திரும்பத் திரும்ப வரும். எம்6 போல்ட்டின் தலை 10 மி.மீ. எம்8 போல்ட்டுக்குப் பொதுக் கணக்கு 13 மி.மீ என்றாலும், ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 12 மி.மீ தலை சகஜம். கடையில் கிடைக்கும் எட்டு ஸ்பேனர் செட்டில் 6x7 தொடங்கி 20x22 வரை இருப்பதால் இரண்டுமே அதில் அடங்கிவிடும். ஒரு டபுள் எண்ட் செட், ஒரு ரிங் செட் இருந்தால் ஒன்றால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைக் கழற்றலாம்.

இறுகிப் போன நட்டில் எப்போதும் ரிங் ஸ்பேனரையோ சாக்கெட்டையோதான் போட வேண்டும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், அதனால் வழுக்கும். சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு மூலை உள்ளதைக் கேளுங்கள். துருப்பிடித்த நட்டுக்குப் பன்னிரண்டு மூலையைவிட அதுதான் பாதுகாப்பு.

பைக் ஸ்டார் ஸ்க்ரூவில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சில ஜப்பானியத் தயாரிப்புகளில் ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். அது ஜப்பானிய அளவுமுறை ஸ்க்ரூ. சாதா ஸ்டார் டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். அதற்கென்று உள்ள டிரைவரைத் தேடி வாங்குங்கள், இல்லையென்றால் அந்த ஸ்க்ரூவில் கை வைக்காமல் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

காருக்குத் தனியாக நிறைய வாங்க வேண்டியதில்லை. ஜாக்கி, வீல் ஸ்பேனர் இரண்டும் பொதுவாக வண்டியோடு டிக்கியிலேயே இருக்கும், முதலில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டயர் பிரஷர் கேஜும் 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பும் சேர்த்தால் போதும். ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டும்தான். தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

பெரிய ஊர்களில் டூல்ஸுக்கென்றே தெருக்கள் உண்டு. மும்பையில் நாக்தேவி தெரு, பெங்களூரில் எஸ்.ஜே.பி. ரோடு, செகந்திராபாத்தில் ராணிகஞ்ச், சென்னையில் பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு. ஆன்லைன் விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு இங்கே போனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது எஃகு: ஸ்பேனர், சாக்கெட்டில் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருக்க வேண்டும், ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். இரண்டாவது தயாரிப்பு: ஸ்பேனரும் பிளேயரும் ஃபோர்ஜிங் செய்தவையா என்று கேளுங்கள். காய்ச்சி அடித்து வடித்த எஃகு அழுத்தம் தாங்கும், அச்சில் வார்த்தது திடீரென்று முறியலாம். மூன்றாவது இணைப்பு: பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டும் பகுதியில் ஒளி தெரியக் கூடாது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயை ஆட்டிப் பாருங்கள், அதிகம் ஆடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரபல பெயர்களில் போலிகளும் சந்தையில் உண்டு. பேக் செய்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் சேவை விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் விதிகள். இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். எப்போதும் பில் கேட்டு வாங்குங்கள்.

டிரில் மெஷின் வாங்கலாமா?

வாங்கும் முன் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் செங்கல் சுவர். அதற்குச் சாதாரண இம்பாக்ட் டிரில் போதும். கடந்த சில ஆண்டுகளில் எழுந்த உயரமான அடுக்ககங்கள் பலவற்றில் அலுமினிய அச்சு வைத்து வார்த்த கான்கிரீட் சுவர்கள். கட்டுமானத் துறையில் 'மிவான்' என்பார்கள். இம்பாக்ட் டிரில் அதில் திணறும், ஓட்டை விழுவதற்குள் பிட் சிவந்துவிடும். எஸ்டிஎஸ் பிட் மாட்டும் ரோட்டரி ஹேமர்தான் அதற்குச் சரி.

இன்னொரு வகை, எடை குறைந்த சாம்பல் நிற ஏஏசி பிளாக் சுவர். இதில் பிரச்சினை தலைகீழ். சுவர் மிருதுவானது, ஹேமர் மோடில் வைத்து அடித்தால் ஓட்டை பெரிதாகி உதிரும். ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்து, ஏஏசிக்கென்றே விற்கும் நீளமான பிளக் போட வேண்டும். டிவி மாதிரி கனமான பொருளைச் சாதா பிளக்கை நம்பி இதில் மாட்டினால் ஒருநாள் கழன்று விழலாம்.

எந்தச் சுவரானாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள். ஒயர் பைப் பொதுவாக அந்தக் கோட்டில்தான் ஓடும். குளியலறையில் குழாய்க்கு நேர் மேலும் கீழும் இதே எச்சரிக்கைதான். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பதற்குச் சுவர் ஓட்டைகள் ஒரு வழக்கமான காரணம்.

வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுவதற்கு டிரில் வாங்கத் தேவையில்லை. பல ஊர்களில் ஹார்டுவேர் கடைகளிலேயே நாள் வாடகைக்குக் கிடைக்கும். அடுக்ககத்தில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் சிக்கனம்.

பேட்டரி டிரில் வாங்குவதானால் முதல் மெஷினை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொதுவாகப் பொருந்தாது. அடுத்து வாங்கும் கருவிகளுக்கும் அதே கம்பெனியைத்தான் தேட வேண்டியிருக்கும்.

கரண்ட் வேலைக்கு எது வேண்டும்?

பிளேயரின் கைப்பிடியில் இருக்கும் சிவப்பு உறை பிடிமானத்துக்குத்தான். அது கரண்டைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். மின் பாதுகாப்புக்கென்று தயாரித்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் '1000 வோல்ட்' என்ற எழுத்தும் பொறித்திருக்கும். கொஞ்சம் விலை கூடினாலும், ஸ்க்ரூ டிரைவரில் ஒரு செட்டாவது அப்படி வாங்கி வையுங்கள்.

சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் டெஸ்டர் மட்டும் போதாது. அதன் விளக்கு எரிய நம் உடம்பு வழியாக மிகச் சிறிய மின்சாரம் ஓட வேண்டும். ரப்பர் செருப்பில், நல்ல வெளிச்சத்தில் நின்றால் கரண்ட் இருந்தும் விளக்கு தெரியாமல் போகலாம். ஆகவே மெயின் எம்சிபியை இறக்குவதுதான் முதல் வேலை. டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள்.

டிரில், கிரைண்டர் ஓட்டும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் உடம்பு வழியாக மண்ணுக்குப் பாயும்போது கணப்பொழுதில் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். சாதா எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி, இணைப்பு துண்டிக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும், எர்த் உள்ள மூன்று கம்பி ஒயரும் கட்டாயம்.

பெட்டியை எங்கே வைப்பது? பார்க்கிங் நம்முடைய கராஜா?

வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லித்தராத இடம் இதுதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 'கராஜ்' என்பதற்கு விளக்கம் தருகிறது: கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள வண்டி நிறுத்தும் இடம். திறந்த பார்க்கிங் அதில் சேராது.

அதற்கு முன்பே, 2010 ஆகஸ்டில் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு அது. மகாராஷ்டிர அடுக்ககச் சட்டத்தின்படி, தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் 'கராஜ்' ஆகாது, பில்டர் அதைத் தனி யூனிட்டாக விற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. மூடிய பார்க்கிங் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் விற்பனைப் பத்திரத்திலும் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? உங்கள் கார் நிற்கும் கட்டம் பெரும்பாலும் வண்டி நிறுத்த மட்டுமே ஒதுக்கப்பட்ட இடம். அங்கே அலமாரி வைக்கவோ, சுவரில் ஓட்டை போட்டு ரேக் மாட்டவோ சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கேட்காமல் வைத்தால் நோட்டீஸ் வரலாம். படிக்கட்டு, மாடிப்படித் திருப்பம், மீட்டர் ரூம் பக்கம் எதையும் வைக்கவே கூடாது. தீ விபத்தில் ஆட்கள் வெளியேறும் வழி அது. அங்கே தடை இருக்கக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது.

தனி வீடு, மூடிய ஷெட் என்றால் சிக்கல் இல்லை. மற்றவர்களுக்குப் பொருத்தமான இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: யூடிலிட்டி பால்கனியில் மழைச்சாரல் படாத மூலை, ஷூ ரேக்கின் அடித்தட்டு, கட்டிலின் அடி. பரணில் மட்டும் வேண்டாம். கனமான பெட்டியைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. அதோடு, எடுக்கக் கஷ்டமாக இருந்தால் எடுக்கவே மாட்டோம்.

அப்போ, எந்தப் பெட்டி?

கருவிகளை எல்லாம் தரையில் பரப்பி வைத்து, அவை எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று பாருங்கள். அதில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும் பெட்டி போதும்.

பிளாஸ்டிக் பெட்டி: சுமார் 500 முதல் 1,000 ரூபாய். துருப்பிடிக்காது, தூக்கச் சுலபம். முதல் பட்டியலுக்கு இதுவே தாராளம். தாழ்ப்பாள்தான் முதலில் உடையும், கடையிலேயே நாலைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள்.

விரியும் இரும்புப் பெட்டி: இரண்டு பக்கமும் விரிந்து ஐந்து தட்டுகள் தெரியும் பெட்டி. எலெக்ட்ரீஷியன்கள் கையில் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய். ஸ்பேனர் செட்டும் சேர்ந்தால் இது சரி. ஆனால் நிரப்பினால் கனம் கூடும், தினம் தூக்கி அலைய முடியாது.

டிராயர் அலமாரி: சக்கரம் வைத்த பெரியவை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். சொந்த வீடு, மூடிய இடம், அடிக்கடி வண்டி வேலை என மூன்றும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வாங்கினால் தகட்டின் கனத்தைக் கேளுங்கள். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ, 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ. 22 கேஜில் அதைவிட மெல்லியது. கேஜ் எண் ஏற ஏற தகடு மெலியும். டிராயர் பால் பேரிங்கில் ஓட வேண்டும். ஒரு டிராயர் எவ்வளவு கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு நம்ம ஊர் மாற்று ஒன்று இருக்கிறது. ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிளில் போல்ட் மாட்டிச் செய்யும் ரேக். மளிகைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். உங்கள் இடத்து அளவுக்கு வெட்டித் தருவார்கள், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். அதில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கினால், டிராயர் அலமாரியின் வேலையைப் பாதிக்கும் குறைவான செலவில் முடித்துவிடலாம்.

எப்படி அடுக்குவது?

கருவியின் வகையை விட்டுவிட்டு, வேலையை வைத்துப் பிரியுங்கள். குழாய் வேலைக்கு ஒரு டப்பா: ஸ்க்ரூ ஸ்பேனர், டெஃப்லான் டேப், ஒன்றிரண்டு வாஷர். கரண்ட் வேலைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. குழாய் ஒழுகும்போது ஒரே டப்பாவை எடுத்துக்கொண்டு போனால் போதும். பத்துத் தடவை நடக்க வேண்டாம்.

அடிக்கடி எடுக்கும் ஸ்க்ரூ டிரைவர், டேப், பிளேயர் மேல் தட்டில். சுத்தியலும் பெரிய ஸ்பேனர்களும் அடியில். டிராயர் அலமாரியில் இது ரொம்ப முக்கியம். மேல் டிராயர்களில் கனத்தை ஏற்றி, இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் இழுத்தால் அலமாரியே முன்னால் சாயும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுவரோடு சேர்த்து மாட்டுங்கள், பூட்டும் போடுங்கள்.

ஸ்க்ரூ, நட்டு, வாஷரைப் பழைய ஜாம் பாட்டில்களில் போட்டு, மேலே அளவை மார்க்கரில் எழுதுங்கள். ஸ்பேனர் வைக்கும் தட்டில் பழைய யோகா மேட்டை வெட்டிப் போட்டு, ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவத்தையும் அதில் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்குக் கடன் போன ஸ்பேனருக்கு இதுதான் கணக்குப் புத்தகம்.

துருப்பிடிக்காமல் இருக்க?

மும்பை மழைக்காலமோ சென்னைக் கடற்காற்றோ, இரும்பை விட்டு வைக்காது. ஈரக் கையோடு தொட்ட கருவியைத் துடைக்காமல் பெட்டிக்குள் போட்டால் சில நாளில் செம்புள்ளி தெரியும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மெஷின் ஆயில் நனைத்த துணியால் ஒரு தடவை தடவினால் போதும். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் டூல் பாக்ஸுக்குள் போடுங்கள். பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல் ஒரு மரப்பலகை மேல் வையுங்கள். லேசான துரு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஆயில் விட்டு, நைசான உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும்.

வேலை மாறி ஊர் மாறினால்?

விமானத்தில் போகிறீர்கள் என்றால் ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், கத்தி எல்லாம் செக்-இன் பையில்தான் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பேட்டரி டிரில்லின் கூடுதல் பேட்டரிக்கு விதி நேர் எதிர். லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர் வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 36. பொதுவான வரம்பு 100 என்பதால் வீட்டு உபயோக பேட்டரிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். கிளம்பும் முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை பாருங்கள்.

மொத்தத்தில் எவ்வளவு ஆகும்?

முதல் மாதம் வீட்டுப் பட்டியல் மட்டும்: சுமார் 2,000 முதல் 3,000 ரூபாய். துணிப்பையில் போட்டு வைத்தாலே போதும். அடுத்து, வண்டி வேலையை நிஜமாகவே நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு, ஸ்பேனர் செட்டுகளுக்கு இன்னொரு 1,500 முதல் 2,500 ரூபாய். மூன்றாவது மாதம், கையில் இருப்பதை அளந்து பார்த்துப் பெட்டி. மொத்தமும் பெரும்பாலும் 5,000 முதல் 7,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதுவும் ஒரே நாளில் செலவாகாது.

பில்லையும் வாரன்டி அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். போலிப் பொருளோ, எழுதிய விலைக்கு மேல் வாங்கினதோ தெரியவந்தால், கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.